பெயர் விடுபடாத பட்டியல்: கிருலப்பனையில் நிவாரணமும் மீட்சியும்

கொழும்பிலுள்ள கிருலப்பனைக்கு இடர் இரண்டு வழிகளில் வந்திருக்கிறது. ஒன்று கால்வாய் வழி, மற்றது வீதி வழி.

கால்வாய் வழியாக வருவது வெள்ளம். கோட்டே, நாவல பக்கத்துச் சதுப்பு நிலங்களில் சேரும் மழைநீரில் ஒரு பகுதி கிருலப்பனைக் கால்வாயில் இறங்கி, வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலைச் சேர்கிறது. இடையில் உள்ள நிலம் தட்டையானது. கழிமுகத்தில் மணல் மேடிட்டிருந்தாலோ கடல் பொங்கியிருந்தாலோ நீர் இறங்குவதற்கு நேரமெடுக்கும். முன்பு மழைநீரைத் தாங்கி வைத்திருந்த சதுப்புகள் பல இடங்களில் நிரப்பப்பட்டுவிட்டதால் நீர் நேராகக் கால்வாய்க்கு வருகிறது. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்தது. 2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு 400 மில்லிமீற்றரைத் தாண்டிய மழையில் கோட்டேயிலுள்ள பாராளுமன்ற வளாகமே நீரில் நின்றது. அதன்பின், 2012இல், உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுதவியோடு பெருநகரக் கொழும்பின் கால்வாய்களைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கால்வாய் சீரடைந்தாலும் கரையோரத் தாழ்நிலத் தோட்டங்களில் நெருக்கியடித்து நிற்கும் வீடுகளுக்கு ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை.

வீதி வழியாக வந்தது 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக எழுந்த வன்முறை. 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் மாலை அவர்களின் உடல்களை அடக்கம் செய்வதற்காகப் பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து வன்முறை கிளம்பியது. திம்பிரிகஸ்யாய, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, வெள்ளவத்தை என்று தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தாக்க வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்ததைப் பலர் கண்டிருக்கிறார்கள். எந்த இலக்க வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே வந்தார்கள். உயிர் தப்பியவர்கள் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தஞ்சமடைந்தார்கள். முகாம்களை நடத்தும் பொறுப்பு அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்ட பிராட்மன் வீரக்கோனிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கும் சாப்பாடு, மருந்து, வடக்கே காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் ஓர் இடம் என எல்லாமே பெயர் எழுதப்பட்டதைப் பொறுத்துத்தான் கிடைத்தன.

ஆகவே இவ்வூரில் நிவாரண வேலையின் மையம் பெயர்ப்பட்டியல். அதில் பெயர் இல்லாதவர் பட்டினி கிடக்க நேரும். அது தவறான கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் மனதில் வைத்துப் பட்டியல் தயாரிப்பது எப்படி, அதைக்கொண்டு முதல் நாளிலிருந்து மீட்சிவரை வேலை செய்வது எப்படி என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

அரச உதவி வரும் பாதை

இலங்கையில் இடர் நிவாரணத்தின் சட்ட அடிப்படை 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகே அது நிறைவேறியது. எச்சரிக்கையும் ஒருங்கிணைப்பும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பொறுப்பு. அதன் அவசர இலக்கம் 117. சமைத்த உணவு, உலர் உணவு, நட்டஈடு போன்றவை தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையத்தின் பொறுப்பு. இந்த உதவிகள் பிரதேச செயலகத்துக்கு வந்து, கிராம உத்தியோகத்தர் மூலம் வீடுகளுக்குச் சேர்கின்றன. கிருலப்பனை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்கு உட்பட்டது.

முழுச் சங்கிலியிலும் மக்களுக்கு மிக அருகில் இருப்பவர் கிராம உத்தியோகத்தர்தான். பாதிக்கப்பட்டவர் யார் என்று அவர் கொடுக்கும் அறிக்கையை வைத்தே மேலிடம் பணம் ஒதுக்குகிறது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் வாக்காளர் இடாப்பும் தன் பிரிவில் பதிந்த குடும்பங்களின் விபரமும். கிருலப்பனை போன்ற இடத்தில் இந்த இரண்டுமே போதாது. ஒரு படலையை எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரர். கீழ்த்தளத்தில் அனெக்ஸில் ஒரு குடும்பம். அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளையின் படிப்புக்காக வந்தவர்கள், வாக்கு ஊரில்தான். பின்பக்கச் சாய்ப்பு அறையில் மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்த மூன்று இளைஞர்கள், அவர்களுக்கு வாடகைத் துண்டுகூடக் கிடையாது. இடாப்பில் இது ஒரே வீடு, ஒரே இலக்கம். வெள்ளம் கீழ்த்தளத்தையும் சாய்ப்பையும்தான் மூழ்கடிக்கும். நிவாரணப் பொதி மேல்மாடிக்காரரின் பெயரில் வரும்.

யாரும் வேண்டுமென்று செய்யும் அநீதி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு விளைவு ஒன்றுதான். அதனால் ஒழுங்கை சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல், தேவாலயம், மரண உதவிச் சங்கம் என்று உள்ளூரில் ஏற்கெனவே இயங்கும் ஏதாவது ஓர் அமைப்பு, மழைக்காலத்துக்கு முன்பே, கிராம உத்தியோகத்தருக்குத் துணையாகத் தன் பட்டியலைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். அவருக்குப் போட்டியாக ஒன்று தேவையில்லை. அவர் விடுபட்ட பெயர்களை நம்பிக்கையோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றே தேவை.

பட்டியலில் என்ன இருக்க வேண்டும்

வீட்டைக் கணக்கெடுக்காமல் அடுப்பைக் கணக்கெடுக்க வேண்டும். தனியே சமைத்துச் சாப்பிடும் ஒவ்வொரு குழுவும் ஒரு வரி. மேலே சொன்ன படலைக்கு மூன்று வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் பெரியவர்களின் பெயர், தொடர்புத் தொலைபேசி, எந்தத் தளம், சிறுபிள்ளைகளின் எண்ணிக்கை, கர்ப்பிணிகள், நடக்க இயலாத முதியவர்கள், இன்சுலின் அல்லது சிறுநீரகச் சுத்திகரிப்பு போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் என்று குறித்தால் போதும். கணவன் பெயரை மட்டும் எழுதி மனைவியைக் ‘குடும்ப உறுப்பினர்’ என்று விட்டுவிடக் கூடாது. சுனாமிக்குப் பிறகு குடும்பத் தலைவர் என்ற பெயரில் உதவியும் வீட்டு உறுதியும் பெரும்பாலும் ஆண்களின் பெயருக்கே போயின. தன் தாயின் காணியில் வாழ்ந்த பெண்கள்கூடப் புதிய வீட்டில் உரிமையில்லாமல் நின்றார்கள். பெரியவர்கள் இருவர் என்றால் இரண்டு பெயரும் எழுதப்பட வேண்டும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. இனம், மதம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம் எவையும் சோறு பங்கிடுவதற்குத் தேவையில்லை. மரக்கறி உணவா, ஹலால் உணவா என்று அறிய வேண்டுமானால் உணவைப் பற்றி மட்டும் கேட்டால் போதும்.

கையில் தாளோடு படலையைத் தட்டுபவரைக் கண்டால் பல தமிழ்க் குடும்பங்கள் கதவைத் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. 2008 செப்டெம்பரில், வடக்கிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவிக்கப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று வரிசையில் நிற்க வைக்கப்பட்டார்கள். அந்த வரிசைகளில் நின்றவர்கள் இன்றும் இதே ஒழுங்கைகளில்தான் வசிக்கிறார்கள். அவர்களின் தயக்கத்தை ஒத்துழையாமை என்று எழுதுவது பெரும் பிழை.

ஆகவே பதிவுக்குப் போகிறவர் இருவராக, அயலில் அறிந்த முகங்களாக, குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டாரின் மொழியில் பேச வேண்டும். யாருக்காக எழுதுகிறோம், யாரிடம் கொடுப்போம், யாரிடம் கொடுக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பெயர் தர விரும்பாதவருக்கு ‘மூவர், ஒரு குழந்தை, கீழ்த்தளம்’ என்று எண்ணிக்கை மட்டும் எழுதிக்கொள்ளலாம். படகில் ஏற்றவும் சோறு கொடுக்கவும் அது போதுமானது. பட்டியலின் முழுப் பிரதி இருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவில் அதைப் படம்பிடித்துப் போடுவது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும்போது உதவிக்குத் தேவையான விபரங்களை மட்டும் கொடுத்து, பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையேதான் எதிர்பார்க்கிறது: எந்த நோக்கத்துக்காகத் தகவல் திரட்டப்பட்டதோ அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும்.

முதல் மூன்று நாட்கள்

எச்சரிக்கை கிடைத்ததும் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது கீழ்த்தளத்து முதியவர்களையும் நோயாளரையும்தான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது தமிழில் எச்சரிக்கைகள் போதிய வேகத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேரிடர் அது. சிங்களத்தில் வரும் அறிவித்தலை உடனே தமிழில் சொல்லும் ஒருவர் ஒவ்வோர் ஒழுங்கைக்கும் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். பாடசாலை ஆசிரியர்கள் இதற்கு ஏற்றவர்கள்.

நீர் வாசற்படியைத் தொடுமுன்னே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், காஸ் சிலிண்டரை மூடி உயரத்தில் ஏற்ற வேண்டும். ஆவணங்களையும் மருந்துகளையும் ஒரே பையில் போட வேண்டும். மற்றவை அப்புறம்.

தங்குமிடமாகப் பாடசாலையோ மண்டபமோ திறக்கப்பட்டால், மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் தராதரங்கள் பயனுள்ள அளவுகோல். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் நீர், ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் கூரையுள்ள இடம், 20 பேருக்கு ஒரு கழிவறை. முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று என்றாலும் சமாளிக்கலாம். சாதாரண வகுப்பறை ஒன்றில் ஆறேழு குடும்பங்களை அடைத்தால் இந்த அளவு உடனே உடைந்துவிடும். அப்போது இரண்டாவது கட்டடத்தைக் கேட்டு வாங்குவதே சரி. 200 பேர் தங்கும் இடத்துக்கு நாளுக்கு 3,000 லீற்றர் நீர் வேண்டும் என்று கணக்குக் காட்டி எழுத்தில் கேட்டால் பவுசர் வருவது எளிது. ‘தண்ணீர் இல்லை’ என்ற பொதுவான முறையீட்டுக்கு அத்தகைய பலன் கிடைப்பதில்லை.

கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சம், கதவில் உள்தாழ்ப்பாள், பெண்களுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் தனி அறை ஆகியவை முதல் இரவுக்குள் செய்யப்பட வேண்டியவை. உடுபிடவைகளைக் குவியலாக வாங்கிச் சேர்ப்பதைவிட ஆரோக்கியத் துவாய்களும் உள்ளாடைகளும் வாங்குவது அவசரமான வேலை. அவை நன்கொடையாக வருவது அரிது, கேட்கவும் பெண்கள் கூச்சப்படுவார்கள். உணவில், ஐப்பசி மழையும் கந்தசஷ்டி விரதமும் பல ஆண்டுகளில் ஒன்றாக வருவதை நினைவில் வைத்தால் நல்லது. மீன் குழம்பை எல்லாருக்கும் ஒரே அண்டாவில் சமைத்துவிட்டால் சிலர் வெறும் பாணோடு படுப்பார்கள். பருப்பும் ஒரு மரக்கறியும் தனிப் பாத்திரத்தில் சமைத்தால் இந்தப் பிரச்சினை தீரும்.

வீடு திரும்புதல்

நீர் வடிந்த வீட்டுக்குள் முதலில் போக வேண்டியவர் மின் இணைப்பைச் சோதிக்கத் தெரிந்தவர். சேறு சுவிட்சுகளுக்குள் இருக்கும்போது மின்சாரத்தைப் போட்டால் சுவரே அடிக்கும். துப்பரவுக்கு இறங்குபவர்கள் சப்பாத்தும் கையுறையும் அணிய வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த நீர் சிறு கீறல் வழியாகப் போனால் எலிக்காய்ச்சல் வரும். அதற்கான தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஆலோசனையோடுதான் எடுக்க வேண்டும். காய்ச்சலோடு தசைவலி வந்தால் ‘மழையில் நனைந்தது’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அடுத்த ஆபத்து இரண்டு மூன்று வாரங்களின் பின் வரும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளானார்கள், 440 பேர் இறந்தார்கள். மே மாத வெள்ளத்தையும் தேங்கிய குப்பையையும் தொடர்ந்த மாதங்களில்தான் நோய் உச்சம் தொட்டது. வெள்ளத்தில் கெட்ட மெத்தை, தளபாடங்களை ஒழுங்கை முனையில் குவிப்பதோடு வேலை முடிந்துவிடாது. மாநகர சபை அவற்றை அள்ளிக்கொண்டு போகும் திகதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ஆனால் அள்ளப்படுமுன் ஒவ்வொன்றையும் படம்பிடித்துக்கொள்ள வேண்டும். நட்டஈட்டுக்கு அதுவே சாட்சி.

நனைந்த தாள்கள்

பல குடும்பங்களுக்கு மெத்தையைவிடப் பெரிய இழப்பு பழைய அலுமாரியின் அடித்தட்டில் இருந்த ஃபைல். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கல்விச் சான்றிதழ், அடகுச் சிட்டை எல்லாம் அதில்தான்.

நனைந்த தாளை அவசரத்தில் பிரிக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, துணியால் தேய்க்கவும் கூடாது. சேறு படிந்திருந்தால் தட்டையான தட்டில் வைத்துச் சுத்தமான நீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். ஆனால் எழுத்து பேனா மையில் இருந்தால், குறிப்பாக நொத்தாரிசு கையால் எழுதிய பழைய உறுதிகளில், நீர் ஊற்றவே கூடாது. பிறகு மை ஒட்டாத வெள்ளைத் தாள்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக வைத்து, மின்விசிறியைத் தாளில் நேரே படாமல் சுழலவிட்டு, தாள்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் காயவைக்க முடியாத கட்டை பொலித்தீன் பையில் சுற்றி, நனையாத வீட்டின் ஃபிரீசரில் வைத்தால் பூஞ்சணம் நிற்கும். வசதி வரும்போது எடுத்து மெதுவாகக் காயவைக்கலாம். லமினேட் செய்த தாளுக்குள் நீர் புகுந்திருந்தால் ஓரத்தை வெட்டித் திறக்க வேண்டும்.

முற்றாக அழிந்தவைக்கு முதலில் பொலிஸ் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெற வேண்டும். அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களம், பிறப்பு, விவாகப் பத்திரங்களுக்குப் பிரதேச செயலகம், உறுதிக்குக் காணிப் பதிவகம். கலவரத்திலோ போரிலோ தாள் எரிந்தவர்களுக்கும் இதுவே வழி, ஆண்டு எத்தனை கடந்திருந்தாலும்.

நட்டஈடும் மேன்முறையீடும்

தொகைகளும் நிபந்தனைகளும் ஒவ்வோர் இடருக்கும் சுற்றறிக்கையால் மாறும். டித்வாவுக்குப் பிறகு வீட்டைத் துப்பரவு செய்வதற்கு 25,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் 2016இல் தொடங்கிய தேசிய இயற்கை இடர் காப்புறுதித் திட்டம் வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபாய்வரை உச்சவரம்பு வைத்திருந்தது. விண்ணப்பிக்குமுன் அன்று நடைமுறையில் உள்ள சுற்றறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வாசிக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்குவதற்கு உரிமை உண்டு. பெயர் ஏன் விடுபட்டது என்று வாய்மொழியில் பதில் கிடைக்காதபோது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஒருவர் கேட்பதைவிட ஒழுங்கையில் விடுபட்ட பன்னிரண்டு பேரும் தனித்தனியே கேட்பது பலன் தரும்.

போரிலும் வன்செயலிலும் இழந்தவர்களின் வழி நீண்டது. 1983இல் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் பாதிக்கப்பட்ட சொத்துகள் அரச அதிகாரசபையொன்றின் கையில் எடுக்கப்பட்டன. எரிந்த மனைகளை வேறு எவரும் அபகரிக்காமல் காப்பதே சொல்லப்பட்ட நோக்கம். ஆனால் சொந்தக்காரர்கள் தம் வீட்டைத் திரும்பப் பெறத் தாமே விண்ணப்பித்து உரிமையை நிறுவ வேண்டியிருந்தது. உறுதி எரிந்துபோனவர்களுக்கும் அப்போது கடல் கடந்துவிட்டவர்களுக்கும் அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1987இன் 29ஆம் இலக்கச் சட்டம் புனர்வாழ்வு அதிகாரசபையை நிறுவியது. 2018இன் 34ஆம் இலக்கச் சட்டம் அதை இழப்பீடுகளுக்கான அலுவலகமாக மாற்றியது. காணாமற்போனோருக்கு 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனி அலுவலகம் இருக்கிறது. இந்த அலுவலகங்களில் பணம் பெறுவது உண்மையைக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது என்பதை வழிகாட்டுபவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பல தாய்மார் விண்ணப்பிக்காமல் இருப்பதற்கு இந்த அச்சமே காரணம்.

தொழிலும் இருப்பிடமும்

வெள்ளவத்தையில் கடைகள் திறந்திருக்கும் நிலையில் கிருலப்பனைக் குடும்பத்துக்கு மூன்றாம் வாரத்திலும் அரிசிப் பொதி கொடுப்பது வீண். அந்தக் கட்டத்தில் காசே சிறந்த உதவி. காசு இருந்தால் மோட்டார் பழுதான தையல் மெஷினைத் திருத்தலாம், முச்சக்கர வண்டியின் லீசிங் தவணையைக் கட்டலாம், பகல் சாப்பாட்டுப் பார்சல் விற்றவர் பாத்திரங்களை மறுபடி வாங்கலாம். எது முதலில் தேவை என்று அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். நகை அடகில் போயிருக்கிறதா, சீட்டுப் பணம் நின்றுவிட்டதா என்று மெதுவாகக் கேட்டறிவது நல்லது. வெள்ளத்தின் கடன் பெரும்பாலும் வெள்ளம் வடிந்த இரண்டாம் மாதத்தில்தான் வெளியே தெரியும்.

கால்வாய்க் கரையிலிருந்து குடியகற்றும் பேச்சு எழும்போது, மாற்று வீட்டின் உரிமை என்ன, மாதாந்தக் கட்டணம் எவ்வளவு, பிள்ளைகளின் பாடசாலைக்கும் வேலைக்கும் எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே ஒப்பமிட வேண்டும். ஒரு வீட்டு இலக்கத்துக்கு ஒரு பிளட் என்று கணக்கிட்டால் அனெக்ஸ் குடும்பமும் சாய்ப்பறைக்காரரும் மீண்டும் விடுபடுவார்கள். அடுப்புக் கணக்கில் தயாரித்த பட்டியல் அப்போதும் கையில் இருக்க வேண்டும்.

பட்டியலை ஆண்டுக்கு இருமுறை திருத்த வேண்டும். ஒன்று, மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன், சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும். மற்றது, ஒக்டோபர் மழைக்கு முன், செப்டெம்பர் முடிவில். வீடு மாறிப் போனவர்களின் பெயரை நீக்கி, பழைய பிரதிகளைக் கிழித்தெரித்துவிட்டு, புதிதாக வந்தவர்களிடம் போய் முதலிலிருந்து விளக்கிக் கேட்க வேண்டும்.